நாய்வரியாரும் துரையின் நிலுவையும்

வெள்ளைக்காரன் இலங்கையை விட்டுப் போய்விட்டான் என்ற செய்தியைக் கடைசிவரை நம்பாத ஒரே மனிதர் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இருந்தார். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது ஊரில் எவருக்கும் தெரியாது. நாய்வரியார் என்றால் நாய்களுக்கும் தெரியும்.

"போனவன் எண்டால் நிலுவையை வாங்கிக்கொண்டெல்லோ போயிருப்பான்?" என்பார். "ஒரு சதம் விடாமல் வரி அறவிட்டவன், பாக்கியை விட்டுப்போட்டுச் சும்மா கப்பல் ஏறுவானோ? உதிலை ஏதோ இருக்கு."

"கொடியை மாத்திப்போட்டாங்களே ஐயா," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"கொடியை மாத்தினவங்கள். காசிலை தலையை மாத்தினவங்கள். சட்டப் புத்தகத்தை மாத்தினவங்களோ?"

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சட்டப் புத்தகத்தை மாற்றினார்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு படித்தவர்கள் சிலரைக் கேட்டேன். அவர்களும் சட்டென்று பதில் சொல்லாமல் வேறு கதைக்குப் போனார்கள்.

அது தொண்ணூறுக்குப் பிந்திய காலம். சண்டையில் மின்சாரம் போய்விட்டது, ரயில் போய்விட்டது, சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் நகைக்கடையில் விற்க வேண்டிய சாமான்களாகிவிட்டன. நான் அதற்கு முன்னர் லொறியில் கிளீனராக, புகையிலைத் தோட்டத்தில் கூலியாக, ஒரு மில்லில் மூட்டை தூக்குபவனாக என்று பல ஊர்களில் நின்றுவிட்டு, உரும்பிராய்ச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வந்து ஒதுங்கியிருந்தேன். முப்பது வயது. சம்பளம் என்று பெரிதாக இல்லை. மூன்று நேரச் சாப்பாடும், கடைக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டிலில் படுக்க இரண்டு சாக்கும் கிடைத்தன. வேறென்ன வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

வந்து மூன்றாம் நாள், காக்கிக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் கொட்டில் வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். கோட்டில் பொத்தான்கள் மூன்றுதான் மிச்சம். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார், அந்த வாரில் அரசமுடி பொறித்த பெரிய பித்தளை வில்லை ஒன்று. அதை மட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"நாய்க்கு வரி கட்டியாச்சோ?"

"எனக்கு நாய் இல்லை."

"உன்ரை சாக்கிலை படுத்திருக்கிறது ஆர்? மச்சானோ?"

திரும்பிப் பார்த்தேன். எங்கிருந்தோ வந்த ஒரு கறுத்தத் தெருநாய் என் இரண்டாவது சாக்கில் சுருண்டு கிடந்தது. அதற்கு முன் நான் அதைக் கண்டதே இல்லை என்று சத்தியம் செய்தேன். அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருவருமாகச் சேர்ந்து அரசாங்கத்தை ஏமாற்றத் திட்டம் போட்டிருக்கிறோம் என்பது அவர் பார்வையில் தெரிந்தது.

"ஆண்டுக்கு ஒரு ரூபா. குத்திக்காசாய்த் தா. தாள் எடுக்கமாட்டன்."

கட்டினேன். அவர் நாயின் கழுத்தில் ஒரு சிறு பித்தளை வில்லையைக் கட்டிவிட்டுப் போனார். முதலாளியிடம் விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்தது. நாய்வரியார் முந்தி அந்த ஊர்க் கிராமச் சங்கக் கந்தோரில் பியோனாக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் நாய் வளர்ப்பவர்கள் வரி கட்டி, நாயின் கழுத்துக்கு ஒரு பித்தளை வில்லை வாங்க வேண்டும். அந்த வழக்கம் எப்போதோ செத்துவிட்டது. கந்தோர்க் கூரையும் ஷெல் விழுந்து போய்விட்டது. இடிபாட்டுக்குள் ஒரு தகரப் பேணி நிறைய நாய் வில்லைகள் கிடந்ததை இவர் கண்டெடுத்தார். கண்டெடுத்தவர் வீட்டுக்குப் போகவில்லை, நேரே வேலைக்குப் போய்விட்டார்.

அவரிடம் கொப்பி கிடையாது, பற்றுச்சீட்டுக் கிடையாது. ஊரிலுள்ள நாய்கள் எல்லாம் தலைக்குள் இருந்தன. எந்த நாய் எந்த வளவு, அதன் தாய் எது, தாய்க்கு வரி கட்டினார்களா என்பதெல்லாம் மனப்பாடம். பாக்கியமக்காவின் வீட்டு வாசல் படலையில் நின்று அவர் கேட்டதை நானே கேட்டேன்.

"பிள்ளை, உன்ரை வீமனுக்கு இந்த வருசம் கட்டிப்போட்டாய். வீமன்ரை தாய்க்கு மூண்டு வருசம் நிலுவை."

"அது செத்துப் போச்சுது ஐயா."

"செத்ததாலை நிலுவை சாகுமோ?"

பாக்கியமக்கா வாழைக்குலை விற்று மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவர். வாய்க்குப் பெயர்போனவர். அவரே ஒரு கணம் திகைத்துப்போய், செத்த நாய்க்கு ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். கொடுக்காவிட்டால் நாய்வரியார் போகமாட்டார். குடையை விரித்துப் படலையிலேயே நிற்பார். வீமன் அவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே நிற்கும். எல்லா நாய்களும் அப்படித்தான். வரிக்காரரைச் சனங்கள் எதிர்ப்பது எங்கும் உண்டு. வரி விதிக்கப்பட்ட பொருளே பாய்ந்து கடிக்க வருவது நாய்வரியில் மட்டும்தான்.

ஊர் சும்மா இருக்குமா? சண்டைக் காலத்தில், கேட்பதற்கு எந்த அரசாங்கமும் இல்லாத இடத்தில், ஒரு மனிதர் வீடு வீடாகப் போய் நாய்களை எண்ணுகிறார். எதையும் எழுதிக்கொள்வதில்லை. காசை எங்கே கொண்டுபோகிறார் என்றும் சொல்வதில்லை. எந்த வீட்டில் நாய் குரைக்கும், எந்த வீட்டில் குரைக்காது என்று அவர் யாருக்கோ தகவல் கொடுக்கிறார் என்ற கதை கிளம்பியது. யாருக்கு என்பதில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் இயக்கத்தில் விசாரிக்கிற பொடியள் இரண்டுபேர் சைக்கிளில் வந்து, அவரைக் கரியரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று கடையில் முதலாளி "நான் முந்தியே நினைச்சனான்" என்றார். எதை நினைத்தார் என்று சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் நாய்வரியார் நடந்து வந்தார். கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரு பிளேன்ரீ கேட்டார்.

"என்ன கேட்டவங்கள் அண்ணை?" என்றார் முதலாளி.

"ஆருக்கு வரி அறவிடுறாய் எண்டு கேட்டாங்கள். அரசாங்கத்துக்கு எண்டன். எந்த அரசாங்கம் எண்டாங்கள். இங்கிலாந்து எண்டன்."

"பேந்து?"

"பெரியவன் ஒருத்தன் வந்து என்னைக் கனநேரம் பார்த்தான். பேந்து தேத்தண்ணி தந்தான்." ஒரு வாய் குடித்தார். "அவங்கடை வாசலிலை ஒரு சிவத்த நாய் நிண்டுது. ஒரு ரூபா கட்டிப்போட்டாங்கள். நல்ல பொடியள். நிலுவை இல்லை."

இதற்கிடையில்தான் எங்கள் ஊரின் காசுப் பிரச்சினை தொடங்கியது.

வெளியிலிருந்து புதுத் தாள்கள் வராத காலம் அது. இருக்கிற தாள்கள் கிழிந்து, சோறு வைத்து ஒட்டி, மறுபடி கிழிந்து, ஒட்டுப் போட்ட சாரத் துணிபோல ஆகிவிட்டன. ஒருமுறை ஒரு பத்து ரூபாய்த் தாள் வந்தது. இரண்டு பாதியிலும் இரண்டு இலக்கங்கள். எந்தப் பாதி உண்மை என்று முதலாளி ஒரு பின்னேரம் முழுக்க வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளின் கதை அப்படியென்றால், குத்திக்காசு அடியோடு காணாமல் போனது. தேத்தண்ணி குடித்துவிட்டு நோட்டு நீட்டுகிறவர்களுக்கு மிச்சமாக முதலாளி நெருப்புக்குச்சி எண்ணிக் கொடுத்தார், இனிப்பு ரொபி கொடுத்தார், ஒருமுறை அரைத் தேசிக்காய் கொடுத்தார். குத்திக்காசு எங்கே போகிறது என்று எல்லோரும் யோசித்தார்கள். வியாபாரிகள் பதுக்குகிறார்கள் என்றார்கள். உருக்கிப் பாத்திரம் செய்கிறார்கள் என்றார்கள்.

ஒருவரும் நாய்வரியாரின் றங்குப் பெட்டியை நினைக்கவில்லை. தாள் எடுக்கமாட்டன் என்று வீடு வீடாகக் குத்திக்காசாகவே அறவிட்டு, நிலுவையும் நிலுவையின் நிலுவையுமாகச் சேர்த்து, துரை வந்து கேட்கும்போது கொடுப்பதற்காக அவர் பூட்டி வைத்திருந்தார். உரும்பிராயில் ஓடித்திரிய வேண்டிய சில்லறை முழுவதும் அவர் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது.

முதலாளிக்கு வழி ஒன்று தெரிந்தது. ஒருநாள் பாக்கியமக்காவின் மூத்தவன் குறைந்த ஒரு ரூபாயைக் கொடுக்க முடியாமல் வீமனின் கழுத்து வில்லையைக் கழற்றிக்கொண்டு வந்து வைத்தான். முதலாளி அதைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கடித்தும் பார்த்தார். பித்தளை. இலக்கம் இருக்கிறது. முடி இருக்கிறது. நாய்வரியார் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார், பொய்யாக ஒன்றும் கொடுக்கமாட்டார். கிழியாது. சோறு வைத்து ஒட்டத் தேவையில்லை. அடுத்து வந்தவருக்கு அதையே ஒரு ரூபாய் மிச்சமாகக் கொடுத்தார். அவர் மறுபேச்சுப் பேசாமல் மடியில் கட்டிக்கொண்டு போனார்.

ஒரு மாதத்துக்குள் நாய் வில்லை ஊரின் காசாகிவிட்டது. மரக்கறிக் கடையில் எடுத்தார்கள். சலூனில் எடுத்தார்கள். கோயில் உண்டியலிலும் விழுந்தது என்று ஐயர் சொன்னார். நாய்களின் கழுத்துகள் வெறுமையாகின. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்கள் நாய்களைக் கண்டால் தடவிக் கொடுப்பதுபோலக் கழுத்தைத் தடவுகிறார் என்று சந்தேகம் வந்ததால், நாயைக் கட்டி வைத்துக் காவல் காக்கவும் தொடங்கினார்கள். என் கறுத்த நாயின் வில்லையும் ஒரு காலையில் இல்லை. முதலாளி அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமலே சீனிப் பேணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாய்வரியாருக்குத் தெரியவந்தது ஒரு தேத்தண்ணிக்குப் பிறகுதான். தாள் நீட்டவில்லை, குத்திதான் கொடுத்தார். முதலாளி பழக்க தோசத்தில் மிச்சமாக வில்லை இரண்டை மேசையில் வைத்தார். அவர் அதைக் கையில் எடுத்து இலக்கத்தைப் பார்த்தார்.

"இது ஜிம்மியின்ரை. இது வீமன்ரை." குரல் உயரவில்லை. "நாயள் எங்கை?"

"நாயள் நிக்குதுகள் அண்ணை. வில்லைதான் சும்மா கழுத்திலை கிடந்தது..."

"சும்மா கிடந்ததோ?"

அன்று பின்னேரமே கடையில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டியது பாக்கியமக்கா. நாய்வரி இனிக் கட்டுவதில்லை, கட்டியதைத் திருப்பித் தரவேண்டும், வில்லை ஊரின் காசு, அதைக் கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை என்று முடிவு எடுப்பதாக ஏற்பாடு. நாய்வரியாரும் வந்து வாங்கின் நுனியில் இருந்தார்.

"ஐயா, வெள்ளைக்காரன் வரமாட்டான்," என்றார் பாக்கியமக்கா. "நாங்கள் ஒருத்தரும் கட்டப்போறதில்லை. எல்லாரும் ஒரே சொல்லு."

"ஓம்," என்றார் நாய்வரியார். "அப்பவும் ஒரே சொல்லுத்தான்."

எல்லோரும் பார்த்தார்கள்.

"நான் பொடியனாய் இருக்கேக்கை எங்கடை ஊரும் கூட்டம் வைச்சுது. நாய்க்கு வரி போடுறவன் நாளைக்கு நிழலுக்கும் போடுவான், ஒருத்தரும் கட்டுறேல்லை எண்டு கோயில் வாசலிலை கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினவை. அண்டைக்கே ஒவ்வொருத்தராய்ப் பின்பக்கத்து ஒழுங்கையாலை போய்க் கட்டிப்போட்டினம். என்ரை அப்பு மட்டும் சத்தியத்தை நம்பினவர்."

"பேந்து?"

"பேந்தென்ன. அடுத்த கிழமை வெடிகாரன் வந்தான். வில்லை இல்லாத நாயைச் சுடுறதுக்கு. ஊர் முழுக்கத் தேடினான். இல்லாமல் நிண்டது ஒண்டுதான்." கையிலிருந்த இரண்டு வில்லைகளையும் மேசையில் வைத்தார். "சிவலை எண்டு பேர். குரைக்கவும் தெரியாது அதுக்கு. வெடிகாரனுக்கு வாலை ஆட்டிக்கொண்டு போச்சுது."

அவர் எழும்பிக் குடையை எடுத்தார்.

"ஆர் வரி கேக்கிறான், ஏன் கேக்கிறான் எண்டது எனக்குத் தெரியாது. கழுத்திலை வில்லை இருந்தால் சுடமாட்டான். அது தெரியும்."

கூட்டம் முடிவு எதுவும் எடுக்காமல் கலைந்தது. ஆனால் வில்லைகளும் கழுத்துக்குத் திரும்பவில்லை. அடுத்தநாள் மரக்கறி வாங்க வேண்டுமே.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒலிபெருக்கி கட்டிய வான் ஒன்று சந்தியால் வந்தது. விசர்நாய் கடித்துப் பக்கத்து ஊரில் ஒருவர் செத்துப்போனார், ஊசி மருந்து வருவதற்கு வழியில்லை, ஆகவே வெள்ளிக்கிழமை கட்டாக்காலி நாய்கள் எல்லாம் சுடப்படும், வளர்ப்பு நாய்களுக்குக் கழுத்தில் அடையாளம் இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனது.

சனம் கடைக்கு ஓடி வந்தது. நாய்வரியாரின் பேணி முன்னரே காலியாகிவிட்டது, ஊரிலுள்ள வில்லைகளில் முக்கால்வாசி முதலாளியின் மேசை லாச்சிக்குள் சேர்ந்திருந்தன. ஒரு கயிற்றைக் கட்டினாலும் அடையாளம்தானே என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கயிறு கட்டாக்காலி மாட்டுக்கும் இருக்கும், வெடிகாரன் அதை ஒத்துக்கொள்ளுவானா என்று சந்தேகப்பட்டார்கள். சிவலையின் கதையைக் கேட்ட சனம். முதலாளி காலையில் வில்லை ஒன்று ஐந்து ரூபாய் என்றார். மத்தியானம் பத்து என்றார்.

"உது எங்கடை நாயின்ரை வில்லை," என்றார் பாக்கியமக்கா.

"அக்கா, காசுக்கு இன்னாற்றை எண்டு பேர் இருக்கே?"

பாக்கியமக்கா சொன்ன பதிலை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

வியாழக்கிழமை காலை நாய்வரியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கரியரில் றங்குப் பெட்டி. சில்லு இரண்டும் பாரத்தில் நசிந்திருந்தன. நான் ஓடிப்போய்ப் பின்னால் பிடித்துத் தள்ளினேன். பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார். இவ்வளவு குத்திக்காசை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. முதலாளிக்கு வேர்த்துவிட்டது.

"வில்லைக்கு எத்தினை கேக்கிறாய் தம்பி?"

முதலாளி பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஒரு காசை எடுத்துக் கடித்தார். இன்னொன்றை மேசையில் சுண்டிச் சத்தம் கேட்டார். "இதெல்லாம் ஆற்றை காசு அண்ணை?"

"அரசாங்கத்தின்ரை."

"அரசாங்கக் காசை நீங்கள் எப்பிடி..."

"எத்தினை எண்டு கேட்டனான்."

குத்திக்காசு என்பதால் இரண்டு ரூபாய்க்கு இறங்கினார். சனங்கள் ஒளித்து வைத்திருந்த வில்லைகளும் வெளியே வந்தன. நாய்வரியார் எல்லாவற்றுக்கும் கொடுத்தார். கொடுத்த ஒவ்வொரு காசுக்கும் அவர் முகம் சுண்டியது. ஆயுளில் ஒரு சதம் கை வைக்காத மனிதர், துரையின் பெட்டியைத் துரைக்குத் தெரியாமல் காலி செய்துகொண்டிருந்தார். பயம் என்றால் அதுதான் பயம்.

பின்னேரம் முழுக்க வாழைநாரில் வில்லைகளைக் கோத்து, இலக்கம் பார்த்து, அந்தந்த நாய்க்குத் தன் கையாலேயே கட்டினார். நான் நாய்களைப் பிடித்துக் கொடுத்தேன். அவை அன்றும் நன்றி காட்டவில்லை. வீமன் அவர் முன்னங்கையில் பல்லைப் பதித்தது. ஊசி இல்லாத காலம். வீமனுக்கு விசர் இருக்கிறதா என்று அறிய, நாயைக் கட்டிவைத்துச் சில நாட்கள் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம். காயத்தைச் சவர்க்காரத் துண்டால் கழுவிவிட்டு அவர் தினமும் பாக்கியமக்கா வீட்டுக்குப் போய் வீமனுக்கு எதிரே இருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தபடி அந்த நாட்களைக் கழித்தார்கள். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த வியாழன் பொழுதுபடுகிற நேரம் எல்லா நாய்க்கும் கட்டியாயிற்று. என் கறுத்த நாய்க்கு மட்டும் வில்லை இல்லை. அதனுடையது எந்த ஊர்ச் சந்தையில் என்ன வாங்கியதோ.

"விடுங்கோ ஐயா," என்றேன். "அது என்ரை நாயும் இல்லை."

"வரி கட்டின நாய்."

நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த வாரைக் கழற்றினார். முடி பொறித்த பியோன் வில்லையை அதிலிருந்து எடுத்து, ஒருமுறை கோட்டில் தேய்த்து, நாயின் கழுத்தில் கட்டினார். அது அவருடைய கையை நக்கியது. ஊரில் அவரைக் கடிக்க வராத ஒரே நாய் அதுதான் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை நாய் சுடத் துவக்கோடு வந்தவர்கள் சந்தியில் நின்றார்கள். ஒருவர் என் நாயின் கழுத்திலிருந்த பெரிய வில்லையைக் குனிந்து பார்த்தார்.

"உது ஆற்றை நாய்?"

"அரசாங்கத்தின்ரை," என்றார் முதலாளி.

எந்த அரசாங்கம் என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. அந்த நாட்களில் அது விடை வராமல் இருப்பதே நல்லதான கேள்வி. அவர்கள் எங்கள் ஊரில் வெடி ஒன்றும் வைக்காமல் போனார்கள்.

அதற்குப் பிறகு கடையில் சில்லறைக்குக் குறைவே இல்லை. திடீரென்று இவ்வளவு குத்திக்காசு எங்கிருந்து வந்தது என்று அயலூர்க்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். நாய்வரியார் மட்டும் வரி அறவிடுவதை நிறுத்திவிட்டார். வில்லை இல்லாதவருக்கு உரிமை இல்லை என்றார். பின்னேரங்களில் எங்கள் வாங்கில் இருந்து, தெற்கேயிருந்து வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"துரை வந்து கணக்குக் கேட்டால் என்ன சொல்லுவியள்?" என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லுவன். உங்கடை காசை எடுத்து நாயளுக்குச் செலவழிச்சுப்போட்டன் எண்டு. பிடிச்சு மறியலிலை போட்டால் போடட்டும்."

"நாய்வரிக் காசு நாய்க்குத்தானே ஐயா போனது. அதிலை என்ன பிழை?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எத்தினையாம் வகுப்பு?"

"எட்டு."

"அதுதான்."

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எங்கள் ஊரும் அடங்கிய வலிகாமமே எழும்பி நடந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னரே நான் வேறு வேலை பார்த்து ஊரைவிட்டுப் போயிருந்தேன். நாய் என்னோடு வரவில்லை. நான் புறப்பட்ட காலையில் அது அவருடைய காலடியில் படுத்திருந்தது. அவர்கள் இருவரும் எந்தப் பக்கம் போனார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள்.

போன மாதம் திருகோணமலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், கையில் ஒரு கடதாசிக் கோவையோடு, யாழ்ப்பாணம் போகும் பஸ் எது என்று கேட்டார். சுற்றிப்பார்க்க வந்தவராகத்தான் இருக்கும். வழி காட்டிவிட்டு வந்தேன். ஆனால் அவர் பஸ்ஸில் ஏறி இருக்கையில் அமரும்வரை, என் கை என்னை அறியாமல் சட்டைப் பைக்குள் சில்லறையைத் தேடிக்கொண்டே இருந்தது. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: அந்தக் கிழவரிடம் ஒன்றும் கேட்காதேயுங்கோ துரை, குறைகிறதை நான் தாறன்.